என் கணக்கும் நம் கணக்கும்: அயல்கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் போனால் கோயம்புத்தூர் ஜில்லா. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் ரெண்டும் கலந்து. கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயில், அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அயல்கூட்டம் ஒன்றில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். அதில் ஆறு வருஷம் செக்ரட்டரி. புதிதாகச் சேர்கிற பெண்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பழையவர்கள் கேட்காமல் மனதுக்குள் வைத்துக் குமைகிறார்கள். ரெண்டு பேருக்குமாக இதை எழுதி வைக்கிறேன்.

அயல்கூட்டம்னா சீட்டு மாதிரிதானே அக்கா?

இல்லை கண்ணு. சீட்டில் பணம் கட்டினால் போதும், பக்கத்து வீட்டுக்காரி என்ன பண்ணுகிறாள் என்று உனக்குத் தெரிய வேண்டியதில்லை. இங்கே அது தெரிந்தே ஆக வேண்டும்.

குடும்பஸ்ரீயை 1998 மே 17 அன்று மலப்புறத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்தார். பத்திலிருந்து இருபது பெண்கள் வரை சேர்ந்தது ஒரு அயல்கூட்டம். ஒரு வீட்டிலிருந்து ஒருத்திதான் சேரலாம். தலைவி, செக்ரட்டரி, அதோடு வருமானம், சுகாதாரம், அடிப்படை வசதி என்று மூன்று பொறுப்புகளுக்கு ஆள். வார்டில் இருக்கிற அயல்கூட்டங்கள் எல்லாம் சேர்ந்தது ஏடிஎஸ், அதற்கு மேலே பஞ்சாயத்து அளவில் சிடிஎஸ். வாராவாரம் ஒருத்தி வீட்டுத் திண்ணையில் கூடுவோம், சேமிப்பு கட்டுவோம். அந்தச் சேமிப்பிலிருந்து யாருக்குக் கடன் கொடுப்பது என்று நாமே உட்கார்ந்து முடிவு செய்வோம். சண்டை எல்லாம் இந்தக் கடைசி இடத்தில்தான் வரும்.

எங்க வீட்டுல மாமியார் ஏற்கெனவே மெம்பர். எனக்கு இடமில்லையா?

இருக்கிறது. 18 முதல் 40 வயது வரை உள்ள பெண்களுக்கு 2021-இல் ஆக்சிலரி குரூப் என்று தனியாகக் கொண்டு வந்தார்கள். அதில் சேர்ந்துகொள். மாமியாரும் மருமகளும் ஒரே கூட்டத்தில் உட்காராமல் இருப்பதில் வேறு நன்மைகளும் இருக்கின்றன; அதை எழுத வேண்டாம்.

எனக்குன்னு முன்னேறணும்னு ஆசை. கூட்டத்துல இருந்தா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கணுமா?

இந்தக் கேள்வியைப் பல பெண்கள் ஏதோ தப்புச் செய்த மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி தையல்காரி. பேங்க் லிங்கேஜ் லோன், அதாவது கூட்டத்தின் பேரில் பேங்க் கொடுக்கும் கடன், வந்தபோது, ஓவர்லாக் மெஷின் வாங்கப் பெரிய பங்காகக் கேட்டாள். உடனே ஆரம்பித்துவிட்டது. "அவளுக்கு மட்டும் என்ன? நாங்களும்தானே வாரம் தவறாம கட்டறோம்?" லோன் வந்தால் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக்கொள்வது பல கூட்டங்களில் வழக்கம். வெளியே பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் நடப்பது என்ன? ஆளுக்குக் கொஞ்சமாக வந்த பணம் ஒரு வீட்டில் காதுகுத்துக்குப் போகும், இன்னொரு வீட்டில் பழைய கடனுக்குப் போகும், மூன்றாவது வீட்டில் புருஷனின் பைக்குக்குப் போகும். வருஷம் முடிந்து பார்த்தால் ஒருத்தியும் ஒரு படி ஏறியிருக்க மாட்டாள், தவணை மட்டும் எல்லார் தலையிலும் இருக்கும். லோன் என்ன கோயில் பொங்கலா, ஆளுக்கு ஒரு கரண்டி போட?

மூன்று வாரம் பேசி, அந்த வருஷம் தையல்காரிக்குப் பெரிய பங்கு, அடுத்த வருஷம் மாடு வாங்க இன்னொருத்திக்கு என்று முறை வைத்தோம். மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இன்று அவள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் எடுக்கிறாள். பட்டன் வைக்கவும் காஜா எடுக்கவும் எங்களில் ரெண்டு பேருக்குப் பீஸ் கணக்கில் காசு கொடுக்கிறாள். தர்மத்துக்கு இல்லை, ஆள் தேவைப்படுகிறது, கொடுக்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் வந்த பிறகு அவள் ரெண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. பணத்தை மட்டும் மகனிடம் கொடுத்து அனுப்பினாள். நான் நேரே போய், "அம்மிணி, உனக்குப் பெரிய பங்கு வேணும்னு நாங்க மூணு வாரம் உட்கார்ந்து பேசினோம். மத்தவளுக்குப் பேச நீ ஒரு மணி நேரம் வர மாட்டியா?" என்று கேட்டேன். முகம் சுருங்கிப் போனது. அடுத்த வாரம் வந்தாள்.

ஒருத்தி தவணை கட்டலைன்னா நான் ஏனுங்க கட்டணும்?

லிங்கேஜ் லோன் கூட்டத்தின் பேரில் வருகிறது. பேங்குக்கு நீயும் தெரியாது, அவளும் தெரியாது, கூட்டத்தைத்தான் தெரியும். ஒருத்தி கட்டாவிட்டால் கூட்டமே கட்டாததாகத்தான் கணக்கு. அடுத்த லோன் எல்லாருக்கும் நின்று போகும். அதனால்தான் கட்டுகிறோம்.

ஆனால் "எல்லாரும் சேர்ந்து பொறுப்பு" என்பதைச் சிலர் "என் பொறுப்பு இல்லை" என்று புரிந்துகொள்கிறார்கள். ஒருமுறை ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் கட்டலேன்னா கூட்டம் கட்டிக்கும்ல." அன்றைக்கு எனக்கு வந்த கோபம்!

அதன் பிறகு கட்ட முடியாதவளையும் கட்டாதவளையும் வேறு வேறாகப் பார்க்க ஆரம்பித்தோம். மழை இல்லாமல் தொழிலுறப்பு (நூறு நாள்) வேலையும் வராமல் கை காய்ந்தவள், புருஷன் ஆஸ்பத்திரியில் கிடப்பவள், இவர்கள் கூட்டத்துக்கு வந்து வாய் திறந்து சொன்னால் உள்கடனாகக் கொடுத்துத் தவணையை அடைப்போம். அதை அவள் பேரில் எழுதுவோம், பிறகு அவள் திருப்புவாள். எவ்வளவு பாவமாக இருந்தாலும் எழுதாமல் விட மாட்டோம். எழுதாத உதவி ரெண்டு வருஷத்தில் பகையாக மாறியதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். கொடுத்தவள் கூட்டிச் சொல்வாள், வாங்கியவள் குறைத்துச் சொல்வாள்.

கையில் இருந்தும் கட்டாதவள் வீட்டுக்கு ஐந்து பேராகப் போவோம். வாசலில் நின்று கத்த மாட்டோம். உள்ளே உட்கார்ந்து, டீ குடித்து, பாஸ்புக்கைக் காட்டச் சொல்வோம். பெரும்பாலும் அது போதும். ஒரே ஒரு தடவை போதவில்லை. அவளுடைய சேமிப்பிலிருந்து கழித்து அனுப்பினோம். இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. சந்தையில் பார்த்தால் தக்காளிக் கூடையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வாள்.

கணக்கு எழுதறது, பேங்குக்குப் போறது எல்லாம் என் ஒருத்தி தலைமேல. மத்தவங்க ஏன் செய்யறதில்லை?

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் தப்புச் செய்தவள் நான்.

நான் பத்தாவது பாஸ். எழுத்து அழகாக இருக்கும், மலையாளமும் வாசிப்பேன். அதனால் முதல் நாளே நோட்டு என் கைக்கு வந்தது. மற்றவர்கள் எழுதினால் அடித்தல் திருத்தல் வரும், கூட்டல் தப்பும். "குடுங்க, நானே எழுதிடறேன்" என்பேன். ஆறு வருஷம் இப்படியே போனது. வெளியே "எல்லாமே நான்தான் பார்க்க வேண்டியிருக்கு" என்று புலம்புவேன். உள்ளே அதில் ஒரு பெருமை. செக்ரட்டரியக்கா இல்லாவிட்டால் கூட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

பிறகு எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ரெண்டு மாதம் படுக்கை. அந்த ரெண்டு மாதமும் நோட்டில் ஒரு வரி ஏறவில்லை. சேமிப்புப் பணத்தை ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தாள். யார் கட்டினாள், யார் கட்டவில்லை என்று சுவரில் கரிக்கோடு. லோன் கொடுக்கும் முன் கூட்டத்தின் கணக்கைப் பார்த்துத் தரம் போட (கிரேடிங்) வந்தபோது காட்டக் கணக்கு இல்லை. லோன் தள்ளிப் போனது. அதை நம்பி நிலத்தைக் குத்தகைக்குப் பேசியிருந்த மூன்று பேருக்கு அந்தப் பட்டம் வீணாய்ப் போனது.

எல்லாரும் என்னைப் பார்க்க வந்தார்கள், ஆப்பிள் கொண்டு வந்தார்கள், ஒருத்தியும் குறை சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. பதினாறு பேருக்குக் கூட்டல் தெரியாமல் போனதற்குக் காரணம் அவர்களின் சோம்பல் என்று அதுவரை நினைத்திருந்தேன். நோட்டைக் கையை விட்டுக் கொடுக்காதவள் நான்தானே?

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒரு முறை வைத்தோம். மாதம் ஒருத்தி எழுதுவாள், பக்கத்தில் இன்னொருத்தி சரிபார்ப்பாள், பேங்குக்கு எப்போதும் ஒரு புது ஆளும் கூடப் போவாள். முதல் நாலு மாதம் நோட்டு கோழி கிளறின மாதிரி இருந்தது. கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷனை விட அது கஷ்டம்.

ஆகவே நீ "எல்லாம் என் தலைமேல" என்று சொல்லும்போது, யாரும் வாங்கிக்கொள்ளவில்லையா, நீ கொடுக்கவில்லையா என்று ஒருமுறை பார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் கூட்டத்தில் சொல்லி மினிட்ஸில் எழுது. நீ கொடுக்கவில்லை என்றால் எனக்கு அக்காவாகிவிட்டாய்.

சேர்ந்து விவசாயம் பண்ணினா லாபத்தை எப்படிப் பிரிக்கிறது?

குத்தகை நிலத்தில் சேர்ந்து பயிர் செய்ய ஜேஎல்ஜி (கூட்டுப் பொறுப்புக் குழு) என்று சின்னக் குழு அமைப்பார்கள். நாங்கள் ஐந்து பேர் தக்காளி போட்டோம். எங்கள் பக்கம் பாலக்காட்டின் மற்ற இடங்கள் மாதிரி இல்லை. எருத்தேன்பதி, வடகரப்பதி எல்லாம் மழை மறைவில் இருக்கிற காய்ந்த பூமி. நெல்லை விடக் காய்கறி, நிலக்கடலை, தென்னைதான் கைகொடுக்கும்.

முதல் பட்டத்தில் லாபத்தைச் சமமாகப் பிரிப்பது என்று பேச்சு. ஒருத்தி விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து களை எடுத்தாள். இன்னொருத்தி பத்து மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்து, "வெயில் ஏறிடுச்சே" என்றாள். வெளியே சொல்லாமல் எல்லாரும் மெதுவாக நேரம் கழித்து வர ஆரம்பித்தோம். ஐந்து மணிக்காரியும்கூட. காய் செடியிலேயே பழுத்து வெடித்தது. வேலந்தாவளம் சந்தைக்குப் போன அன்றைக்கு விலையும் விழுந்திருந்தது, பறித்த கூலி கூட மிஞ்சவில்லை. விலையைக் குறை சொல்லித் தப்பித்துக்கொண்டோம். ஆனால் விலை நன்றாக இருந்திருந்தாலும் நாங்கள் சண்டை போட்டிருப்போம் என்று எனக்குத் தெரியும்.

ரெண்டாவது பட்டத்தில் முறையை மாற்றினோம். உழவு, சொட்டு நீர்க் குழாய், உரம், சந்தை வண்டி எல்லாம் பொதுச் செலவு. வேலையை மட்டும் நாள் கணக்கில் எழுதினோம், பாதி நாளுக்குப் பாதி. விற்ற பணத்தில் செலவு போக முதலில் அந்த வேலை நாளுக்குக் கூலி, மிச்சத்தைச் சமமாகப் பிரித்தோம். சில குழுக்கள் நிலத்தையே பாத்தி பிரித்துக்கொண்டு அவரவர் பங்கை அவரவர் பார்க்கிறார்கள், வண்டி மட்டும் சேர்ந்து பிடிக்கிறார்கள். அதுவும் நல்ல முறைதான். எங்களுக்குச் சரிப்படவில்லை; கிணற்றுப் பக்கத்துப் பாத்தி யாருக்கு என்பதில் முடிவு வராது.

கைக்குழந்தைக்காரிக்கு வேலை நாள் குறைவாக வந்தது. அவளுக்குச் சந்தைக் கணக்கும் போனில் விலை விசாரிப்பதும் கொடுத்து, அதையும் வேலை நாளாக எழுதினோம். இதற்கு ஒருத்தி முணுமுணுத்தாள். "போன்ல பேசறதும் வேலையா?" ஒரு வாரம் அந்த வேலையை அவளிடமே கொடுத்தோம். மூன்றாம் நாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒருத்தி பண்ற சின்னத் தப்பு எல்லாரையும் பாதிக்குமா?

மாடு வைத்திருப்பவளிடம் கேள். சித்தூர் வட்டாரம் பாலுக்குப் பேர்போனது. காலையும் சாயங்காலமும் சொசைட்டி வாசலில் வரிசைதான். அங்கே ஒவ்வொருத்தர் பாலிலும் சாம்பிள் எடுத்து, கொழுப்பும் மற்ற சத்தும் பார்த்து, அவரவர் பாலுக்கு ஏற்ற விலை போடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாம் ஒரே கூலரில் கலக்கும். ஊற்றும் முன்னாடியே உன் பால் என்ன என்று எழுதியாகிவிட்டது. ஒரு கேன் கெட்டிருந்து கவனிக்காமல் ஊற்றிவிட்டால் மொத்தமும் போச்சு, யார் கேன் என்று தேடவும் முடியாது. நாங்கள் தக்காளியில் வேலை நாள் எழுத ஆரம்பித்தது இதைப் பார்த்துத்தான்.

எனக்கு மலையாளம் வராது. பயிற்சிக்குப் போனா ஒண்ணும் புரியறதில்லை. எப்படி முன்னேறது?

ரெண்டு பக்கமும் வேலை இருக்கிறது.

உன் உரிமையைத் தெரிந்துகொள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். தமிழில் பயிற்சி வேண்டும் என்று எங்கள் வார்டில் எல்லாக் கூட்டங்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். இப்போது தமிழ் பேசும் ஒருத்தியை உடன் அனுப்புகிறார்கள்.

அதற்காக மலையாளம் கற்றுக்கொள்ளாமல் இருக்காதே. பேங்கில் கொடுக்கும் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது உன் பிழை, வாசிக்கிற வேலையைக் கூட்டம் உனக்காகச் செய்து தர முடியாது. 2023 அக்டோபரில் "திரிகெ ஸ்கூளில்" (மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு) என்று குடும்பஸ்ரீ மெம்பர்கள் எல்லாரையும் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்கள் கூட்டத்து அறுபது வயது அம்மாள் டிபன் பாக்ஸோடு வந்து முதல் பெஞ்சில் இடம் பிடித்தாள். சாயங்காலம் பக்கத்து மலையாளத்துச் சேச்சியிடம், "எனக்குத் தினம் ஒரு எழுத்து சொல்லிக் குடு, நான் உனக்குக் கம்மங்கூழ் தரேன்" என்று ஒப்பந்தம் போட்டாள். இன்று பஸ் போர்டு வாசிக்கிறாள்.

வீட்டுக்காரர் "கூட்டம் கூட்டம்னு சுத்தறே"ங்கிறார்.

லோன் வந்த வாரம் சொல்ல மாட்டாரே?

ஆம்பளைங்களுக்கு இந்த என் கணக்கு, நம் கணக்குப் பிரச்சினையெல்லாம் கிடையாதா?

நன்றாகக் கேட்டாய். வாய்க்காலைப் பார். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீரைப் பங்கிடத் தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் ஒப்பந்தம் போட்டன. சித்தூர்ப் பகுதிக்காக மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். தண்ணீர் குறைந்தால் ரெண்டு மாநிலமும் கடிதம் எழுதிக்கொள்ளும், ஊரில் கூட்டம் போட்டு முழக்கம் போடுவார்கள். ஞாயம்தான். ஆனால் வந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும், மேல்மடைக்காரர் ராத்திரி மண்வெட்டியோடு போய் மடையை அகலமாக்குவார். காலையில் பாடசேகரச் சமிதி (வயல்காரர்கள் சங்கம்) கூட்டத்தில் அவரேதான் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று அதிகமாக வருத்தப்படுவார். முறைத்தண்ணி நோட்டு ஒன்று வைத்து, மடை திறந்த நேரமும் அடைத்த நேரமும் கடைமடைக்காரரே எழுதட்டும் என்று எங்கள் அண்ணன் ஒருமுறை சொன்னார். தலைவர் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

தலைவியே இல்லாம எல்லாரும் சமமா இருக்க முடியாதா? மூணாறுல பொம்பளைங்க அப்படித்தானே ஜெயிச்சாங்க?

ஜெயித்தார்கள். 2015 செப்டம்பரில் 20 சதவீதமாக இருந்த போனஸைத் தோட்டக் கம்பெனி 10 ஆக்கியபோது, தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் "பெம்பிளை ஒருமை" (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு, யூனியன் தலைவர்களைக் கிட்டச் சேர்க்காமல் ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். அப்போது அவர்களுக்கு நாள் கூலி 232 ரூபாய், அதற்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோ. அடுத்த மாதம் கூலி 301 ஆனது. டிவியில் பார்த்துக்கொண்டே அழுதவள் நான்.

பிறகு அவர்களுக்குள் பிளவு வந்தது. வெளியிலிருந்து பார்த்த எனக்கு அதில் யார் சரி என்று சொல்ல வாயில்லை. ஒன்பது நாள் போராட எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். ஒன்பது வருஷம் நடத்த யாராவது சாவி வைத்திருக்க வேண்டும், அந்தச் சாவி கைமாறவும் வேண்டும். அயல்கூட்டத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அதை ஒரு தொல்லை என்றே நினைத்திருந்தேன்.

விலகணும்னா?

உன் கடனை அடை, சேமிப்பை வாங்கிக்கொள், மினிட்ஸில் எழுதிக் கையெழுத்துப் போடு. வேலைக்காகக் கோயம்புத்தூர் போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள் எல்லாம் அப்படித்தான் போனார்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். சொல்லாமல் போனால் மட்டும் வீட்டுக்கு ஐந்து பேர் வருவோம், டீ போட வேண்டியிருக்கும்.

அடுத்த கூட்டம் எப்போ அக்கா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி, தையல்காரி வீட்டில். பாஸ்புக்கைக் கொண்டு வா. இந்த மாதம் கணக்கு எழுதுவது போன வருஷம் சேர்ந்த பெண். மெதுவாகத்தான் எழுதுவாள், நாலு மணி ஆகும். என்னிடம் நோட்டைக் கொடுக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்தாதீர்கள்; கேட்டால் வாங்கிவிடுவேன்.